மெக்கானிக்கல் முடித்தவன் சட்டம் படித்து ஐ.பி. (அறிவுசார் சொத்துரிமை) வழக்கறிஞர் ஆகலாமா? கோர்ட் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

இரட்டைப்பிளக்:

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். வயது 27. கடன் எதுவும் இல்லை, தங்கை படிப்பு மட்டும் பாக்கி. பஜாஜுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் நடந்த பேட்டன்ட் வழக்கின் தீர்ப்புகளை ஒரு நண்பன் அனுப்பி வைத்தான். இரண்டு ஸ்பார்க் பிளக், மூன்று வால்வு, சிலிண்டர் விட்டம் என்று நான் தினமும் புழங்குகிற விஷயத்தை வைத்துக்கொண்டு ஹைகோர்ட்டில் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல்.

வேலையை விட்டுவிட்டு மூன்று வருட எல்.எல்.பி. படித்து இந்தத் துறைக்கு வரலாமா? வெளியே வரும்போது 30 தாண்டிவிடும், அந்த வயதில் ஜூனியராகப் போய் நின்றால் யாராவது சேர்த்துக்கொள்வார்களா? சென்னையில் இதற்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா, இல்லை டெல்லிக்குத்தான் போக வேண்டுமா? இன்ஜினியரிங் டிகிரிக்குக் கோர்ட்டில் ஏதாவது மதிப்பு உண்டா? மனசாட்சியோடு சொல்லுங்கள், ஊக்கப்படுத்துவதற்காகச் சொல்ல வேண்டாம்.

கறுப்புக்கோட்டு:

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐ.பி. என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை ஓடுகிறது. ஒன்று பதிவு வேலை: விண்ணப்பம் எழுதுவது, பேட்டன்ட் ஆபீஸ் கேட்கும் ஆட்சேபணைக்குப் பதில் போடுவது, ட்ரேட்மார்க் ரெஜிஸ்ட்ரியில் ஹியரிங் போவது. இன்னொன்று வழக்கு வேலை, அதாவது நீங்கள் படித்தீர்களே அது. சம்பளம், நேரம், மனநிலை எல்லாம் வேறு வேறு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, அங்கேதான் பாதிப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

வழக்கு வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு கிளையண்ட் வருகிறார், தன் பிராண்டை எவனோ காப்பியடித்துவிட்டான் என்கிறார். அவருக்கு வேண்டியது ஐந்து வருஷம் கழித்து வரும் தீர்ப்பு இல்லை, அடுத்த வாரமே அந்தச் சரக்கு கடையில் இருக்கக் கூடாது. ஆகவே நம் உழைப்பில் பெரும் பகுதி இடைக்காலத் தடை வாங்குவதில் போகிறது, இல்லையென்றால் எதிர்த்தரப்புக்காக அதை உடைப்பதில் போகிறது. முகாந்திரம் இருக்கிறதா, யாருக்கு அதிகச் சிரமம், பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டமா என்ற மூன்று கேள்விக்குள்தான் எல்லா வாதமும் சுற்றும். ஒரு தடை உத்தரவு வந்த மறுவாரம் பல வழக்குகளில் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்துவிடுவார்கள், விசாரணை வரை போவது கொஞ்சம்தான்.

அந்தத் தடைக்குப் பின்னால் இருக்கும் வேலை கண்ணுக்கே தெரியாது. வழக்குக்கான காரணம், தேதி, யார் முதலில் பயன்படுத்தினார்கள் என்பதற்கான பில், விளம்பரச் செலவுக் கணக்கு எல்லாம் பிளெய்ண்டோடு, அதாவது வழக்கு மனுவோடு, சேர்த்தே போக வேண்டும், கமர்ஷியல் கோர்ட்ஸ் சட்டம் வந்த பிறகு ஆவணத்தை அப்புறம் காட்டுகிறேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மெட்ராஸ் ஹைகோர்ட்டின் ஒரிஜினல் சைடில் (வழக்கை நேரடியாக அங்கேயே போடும் பிரிவு) லெட்டர்ஸ் பேட்டன்ட் (நம் பேட்டன்ட் இல்லை, ஹைகோர்ட்டை அமைத்த பழைய சாசனம்) பிரிவு 12, பிரிவு 14 என்று தனியாக அனுமதி மனு வேறு. ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் செக்‌ஷனில் பேப்பரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிளையண்ட் போனில் கத்திக்கொண்டிருப்பார், நீங்கள் ரிட்டர்னைச் சரிசெய்து மறுபடி கொண்டு ஓட வேண்டும். சினிமாவில் வருகிற மாதிரி எழுந்து நின்று பேசுவதெல்லாம் இதற்கு அப்புறம்.

கிண்டி_ஏஜென்ட்:

அண்ணன் சொன்னது சரி, ஆனால் நான் மறுபக்கத்தில் இருப்பவன் என்பதால் ஒரு யோசனை. நீங்கள் வேலையை விடாமலேயே முதலில் பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதலாம். அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் இதில் ஏதாவது ஒரு டிகிரி, 21 வயது, இந்தியக் குடியுரிமை, இது போதும். சட்டப் பேப்பர் ஒன்று, டிராஃப்டிங் பேப்பர் ஒன்று, அப்புறம் நேர்காணல். இரண்டு பேப்பரிலும் தலா 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். டிராஃப்டிங்கில்தான் ஆள் விழுவார்கள். ஒரு கருவியைப் பார்த்து அதன் கிளெய்மை, அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்ற வரையறையை, எழுதச் சொல்வார்கள், அகலமாக எழுதினால் பழைய தொழில்நுட்பம் இடிக்கும், குறுக்கி எழுதினால் போட்டியாளர் ஒரு போல்ட்டை மாற்றிவிட்டுத் தப்பித்துவிடுவான். இதைச் சரியாக எழுதத் தெரிந்தவனுக்கு, பின்னாளில் கோர்ட்டில் அடுத்தவன் எழுதிய கிளெய்மில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம்.

அப்புறம் கிண்டியில் இருக்கும் நம்ம பேட்டன்ட் ஆபீஸைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நோவார்ட்டிஸ் ரத்தப் புற்றுநோய் மருந்து வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டதே, அந்த விண்ணப்பம் 1998-ல் சென்னையில் போட்டது. 2006 ஜனவரியில் அதை நிராகரித்ததும் சென்னை பேட்டன்ட் ஆபீஸ்தான். தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குப் பலன் கூடினால் ஒழிய பேட்டன்ட் கிடையாது என்கிற 3(டி) பிரிவு செல்லாது என்று அவர்கள் போட்ட ரிட்டை 2007 ஆகஸ்டில் மெட்ராஸ் ஹைகோர்ட் தள்ளுபடி செய்தது, கடைசியில் 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட். ஒரு அலுவலர் எழுதிய உத்தரவு ஏழு வருஷம் பயணம் செய்து அங்கே போய் நின்றது. நான் புதிதாகச் சேரும் பசங்களுக்கு முதலில் அந்த உத்தரவைத்தான் படிக்கக் கொடுப்பேன்.

டெல்லிவாசி:

சென்னைப் பாசம் எனக்கும் உண்டு, பிறந்தது மயிலாப்பூர். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். பேட்டன்ட் வழக்கு வேண்டும் என்றால் டெல்லிதான். மொபைல் போன் தொழில்நுட்பப் பேட்டன்ட் வழக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள், எரிக்சன் அங்கே எத்தனை கம்பெனிகள் மீது போட்டது! 2024 மார்ச்சில் லாவா கம்பெனி எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த மாதிரித் தொகை ஓடும் இடத்தில் ஜூனியருக்கும் சம்பளம் கொஞ்சம் மனிதத்தனமாக இருக்கும். டெல்லி ஹைகோர்ட் 2021-லேயே இந்த வழக்குகளுக்கென்று ஐ.பி. டிவிஷன் ஆரம்பித்துவிட்டது, 2022-ல் பேட்டன்ட் வழக்குக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. எந்தக் கிளெய்மை எதிராளி எப்படி மீறினான் என்று பட்டியல் போட்டு முதலிலேயே கொடுக்க வேண்டும், இன்ஜினியர்களுக்கு அங்கேதான் வேலை வருகிறது.

இந்தி தெரியாதே என்று பயப்பட வேண்டாம், ஹைகோர்ட்டில் ஆங்கிலம்தான். ஆட்டோக்காரரிடம் மட்டும்தான் கஷ்டம்.

கறுப்புக்கோட்டு:

டெல்லிவாசி சொல்லும் அளவு வித்தியாசம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சென்னை நிலவரம் 2021-க்குப் பிறகு மாறிவிட்டது, அதைச் சொல்லாமல் விட்டால் தம்பிக்குத் தவறான படம் கிடைக்கும்.

முன்பு மேல்முறையீட்டு வாரியம் ஐ.பி.ஏ.பி. என்று ஒன்று இருந்தது, 2003-ல் ஆரம்பித்தது, தலைமையகமே சென்னைதான். பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்கு நாட்கோவுக்குக் கொடுத்த கட்டாய உரிமத்தை (பேட்டன்ட்காரர் சம்மதம் இல்லாமலேயே தயாரிக்கும் அனுமதி) 2013-ல் உறுதிசெய்தது அந்த வாரியம்தான். இவ்வளவு பெரிய விஷயங்களைத் தீர்த்த இடத்தில், தலைவர் இல்லை, டெக்னிக்கல் உறுப்பினர் இல்லை என்று மாதக்கணக்கில் நாற்காலி காலியாகக் கிடக்கும். 2021 ஏப்ரலில் அவசரச் சட்டம் போட்டு வாரியத்தையே மூடிவிட்டார்கள். வழக்குகள் எல்லாம் ஹைகோர்ட்டுகளுக்கு வந்தன. மெட்ராஸ் ஹைகோர்ட்டின் ஐ.பி. டிவிஷன் விதிகள் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. தென் மாநில பேட்டன்ட் விண்ணப்பங்கள் எல்லாம் கிண்டிக்கு வருகின்றன, கிண்டி நிராகரித்தால் மேல்முறையீடு பெரும்பாலும் பாரிமுனை ஹைகோர்ட்டுக்குத்தான் வரும். முன்பு வாரியத்தின் முன்னால் ஏஜென்ட்டே நின்று வாதாடலாம், இப்போது ஹைகோர்ட் என்பதால் அந்த இடம் வழக்கறிஞருக்கு. உங்களைப் போல டெக்னிக்கல் தெரிந்து கவுனும் போட்டவர்களுக்கு இது நல்ல காலம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

காஸ் லிஸ்ட்டில், அதாவது அன்றைய வழக்குப் பட்டியலில், ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) எண்ணுக்கு முன்னால் 'டி' என்று போட்டிருந்தால் அது அந்த வாரியத்திலிருந்து மாறி வந்த வழக்கு. சிலவற்றைத் திறந்து பார்த்தால் சம்பந்தப்பட்ட கம்பெனியே இப்போது உயிரோடு இருக்காது.

ஜூனியர்_ஜீவிதம்:

பெரியவர்கள் எல்லாம் தீர்ப்பு, சட்டம் என்று பேசுகிறார்கள். நான் காசு பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் யாரும் பேசுவதில்லை.

நான் பி.ஏ. பி.எல்., ஐந்து வருடப் படிப்பு. முதலில் சேர்ந்த ஆபீஸில் மாதக் கடைசியில் சீனியர் கவரில் என்ன வைப்பார் என்று அவருக்கே தெரியாது. சில மாதம் கவரே கிடையாது, "கத்துக்கோம்மா" என்ற ஆசீர்வாதம் மட்டும். 2024 ஜூனில் மெட்ராஸ் ஹைகோர்ட் ஒரு உத்தரவு போட்டது: சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்குக் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் மாத உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று. வந்த அன்று நாங்கள் கேன்டீனில் கேசரி வாங்கிச் சாப்பிட்டோம். நடைமுறையில் கேட்டு வாங்குகிற தைரியம் எத்தனை ஜூனியருக்கு இருக்கிறது என்பது வேறு கதை. ஐ.பி. மட்டும் பார்க்கும் பெரிய ஃபர்ம்களில் நிலைமை தேவலை, ஆனால் அங்கே சேர்ந்தால் முதல் சில வருஷம் ட்ரேட்மார்க் தேடல் ரிப்போர்ட்டும் எதிர்ப்பு மனுவும்தான், கோர்ட் படியை எப்போதாவதுதான் மிதிப்பீர்கள்.

இரட்டைப்பிளக், ஓரகடத்துச் சம்பளத்திலிருந்து இதற்கு இறங்கும்போது வயிறு கலங்கும். படிக்கிற மூன்று வருஷத்தையும் சேர்த்து யோசியுங்கள். ரெகுலர் வகுப்பு, 70 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேண்டும், வேலை பார்த்துக்கொண்டே படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடித்த பிறகு அகில இந்திய பார் தேர்வு வேறு இருக்கிறது.

ஆனால் இந்த வேலையில் ருசி இல்லை என்று சொல்ல மாட்டேன். அட்வகேட் கமிஷனரோடு சோதனைக்குப் போயிருக்கிறீர்களா யாராவது? போலிச் சரக்கு வைத்திருக்கும் இடத்துக்குப் போய்க் கணக்கெடுத்து, பறிமுதல் செய்து, சீல் வைக்கச் சொல்லிக் கோர்ட் ஒருவரை நியமிக்கும். உத்தரவு கையில் வந்ததும் யாருக்கும் மூச்சுவிடக் கூடாது, எதிராளிக்குத் தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் சரக்கு மறைந்துவிடும். முதல் தடவை போனபோது பாரிமுனைப் பக்கம் ஒரு குடோன், ஷட்டரைத் திறக்க மறுத்துவிட்டார்கள், எஸ்.ஐ. வரும்வரை தெருவிலேயே நின்றோம். உள்ளே போனால் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக லேபிள் மட்டும். சரக்கு எங்கேயோ இருக்கிறது, லேபிள் மட்டும் இங்கே ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டையும் எண்ணி, எழுதி, படம் எடுத்து, கையெழுத்து வாங்கி வெளியே வரும்போது கடைசி ரயில் போய்விட்டது. அந்த லிஸ்ட்டை வைத்துத்தான் எதிராளி வக்கீல் பேச்சையே நிறுத்தினார் எங்கள் சீனியர். மறுநாள் எனக்குக் கவர் வந்தது. ஒழுங்கான கவர்.

இரட்டைப்பிளக்:

எல்லோருக்கும் நன்றி. ஜூனியர் மேடம், கேசரியைப் படித்துச் சிரித்துவிட்டேன், அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. என் முக்கியக் கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் வரவில்லையே. டெக்னிக்கல் டிகிரி இருந்தால் வழக்கில் உண்மையிலேயே கை ஓங்குமா?

ஜூனியர்_ஜீவிதம்:

மேடம் வேண்டாம், உங்களைவிடச் சின்னவள்.

டிகிரி கேள்விக்கு: நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஐ.பி. வழக்கு என்றால் பேட்டன்ட் என்று இன்ஜினியர்கள் எல்லோரும் நினைத்துக்கொள்கிறீர்கள். எங்கள் மேசையில் வருவதில் பெரும்பாலானவை ட்ரேட்மார்க், அடுத்து காப்புரிமை, அதாவது காப்பிரைட், அதிலும் சினிமா. நூடுல்ஸ் மசாலாவில் 'மேஜிக்' என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்று ஐ.டி.சி.யும் நெஸ்லேயும் இதே மெட்ராஸ் ஹைகோர்ட்டில் 2013-லிருந்து மோதினார்கள். 2020-ல்தான் தீர்ப்பு வந்தது, அது சரக்கைப் புகழ்கிற பொதுச் சொல், யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்று. இதற்கு எந்த வால்வு தெரிய வேண்டும்?

சினிமா இன்னும் வேடிக்கை. வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ் என்றால் புதன், வியாழன் எங்கள் ஆபீஸில் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். கதை என்னுடையது என்று ஒருவர் தடை கேட்டு வருவார். கருவுக்கும் கதைச் சுருக்கத்துக்கும் காப்புரிமை கிடையாது, அதை எழுதி வடித்த விதத்துக்குத்தான் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது, இருந்தாலும் வருவார்கள். சங்கத்தில் பதிவு செய்த சீட்டைக் காட்டுவார்கள். அது தேதிக்குச் சாட்சி, கதை ஒன்றா என்பதற்கு இல்லை. அதே வாரம் இன்னொரு தயாரிப்பாளர் திருட்டு வீடியோவுக்கு முன்கூட்டியே தடை கேட்டு வருவார். எதிராளி யார் என்றே தெரியாது அல்லவா, அதனால் 'அசோக் குமார்' என்று ஒரு கற்பனைப் பெயரைப் பிரதிவாதியாகப் போடுவோம். 2012-ல் இங்கேதான் அந்தப் பெயர் பிரபலமானது. நாட்டிலேயே அதிக வழக்கு உள்ள பிரதிவாதி அவர்தான், ஒரு நாளும் ஆஜரானதில்லை.

கிண்டி_ஏஜென்ட்:

தங்கச்சி, காப்புரிமை என்பதை நீங்கள் சினிமாவுக்குப் போடுகிறீர்கள், பத்திரிகைக்காரர்கள் பேட்டன்ட்டுக்கும் அதையே போடுகிறார்கள், படிக்கிறவர்கள் குழம்பப் போகிறார்கள். நான் பேட்டன்ட் என்றே எழுதிவிடுகிறேன்.

டிகிரி விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். மருந்து, வேளாண் ரசாயன வழக்குகளில் டெக்னிக்கல் தெரியாத வக்கீல் பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பேசுவார், நீதிபதி எதிர்பாராமல் ஒரு கேள்வி கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த இரண்டு நொடியில் வாதம் சரிந்துவிடும். எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும்போதும் அப்படித்தான். அவர் ஒரு சொல்லைப் போட்டு நழுவினால் அடுத்த கேள்வி உங்கள் வாயில் தயாராக இருக்க வேண்டும்.

கறுப்புக்கோட்டு:

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தம்பி படித்த அந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர் அதில் இன்ஜினைத்தான் பார்த்திருக்கிறார், நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன்.

2007 கடைசியில் டிவிஎஸ் ஒரு 125 சிசி வண்டி கொண்டுவந்தது, இரண்டு பிளக்கோடு. பஜாஜ் தன் பேட்டன்ட்டை மீறுகிறது என்றது. முதலில் கோர்ட்டுக்கு ஓடியது யார்? டிவிஎஸ். ஆதாரமில்லாமல் மிரட்டுகிறார்கள் என்று பேட்டன்ட் சட்டம் 106-வது பிரிவில் அவர்களே முந்திக்கொண்டு வழக்கு போட்டார்கள். அப்புறம்தான் பஜாஜ் போட்டது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி பஜாஜ் பக்கம் தடை கொடுத்தார். 2009 மே மாதம் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. சுப்ரீம் கோர்ட் போனார்கள், அங்கே 2009 செப்டம்பர் 16-ல் என்ன நடந்தது? பிளக், வால்வு எதற்குள்ளும் போகவில்லை. வண்டியை விற்கலாம், விற்பனைக் கணக்கைச் சரியாக வைக்க வேண்டும், அதைக் கவனிக்கக் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் ஒருவர் இருப்பார், வழக்கை தினசரி விசாரித்து முடியுங்கள் என்றது. பேட்டன்ட், ட்ரேட்மார்க், காப்பிரைட் வழக்குகளைச் சாதாரணமாக நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நாட்டிலுள்ள எல்லாக் கோர்ட்டுக்கும் சேர்த்துச் சொன்னது. அந்த வழக்கு முடிந்தது 2019-ல், இரண்டு கம்பெனியும் சமரசமாகப் போய்.

இதில் இன்ஜின் தெரிந்தவன் செய்த வேலை எது, நடைமுறை தெரிந்தவன் செய்த வேலை எது என்று பிரித்துப் பாருங்கள். யார் முதலில் போவது, எந்தக் கோர்ட், தடைக்கு எந்தக் கட்டத்தில் போவது, தடை போனால் கணக்கு வைக்கச் சொல்லிக் கேட்பதா. இதெல்லாம் சிவில் வழக்கறிஞரின் புத்தி. ஐ.பி. பின்னால்தான் வரும். சொத்துத் தகராறில் தடை வாங்கி, உடைத்து, சாட்சியை விசாரித்து ஊறியவர்கள் இந்தத் துறைக்கு வந்து பேட்டன்ட் தெரிந்தவர்களைத் திணறடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு ஒரே கருத்துதான்: நேராக ஐ.பி. ஆபீஸில் சேர வேண்டாம். ஒரிஜினல் சைடில் எல்லா வழக்கும் பார்க்கும் ஒரு சீனியரிடம் முதலில் இரண்டு வருஷம் இருங்கள். சாட்சியம் பதிவு செய்யும் மாஸ்டர் கோர்ட்டில் சாட்சி விசாரணை நடக்கும்போது பின்னால் உட்காருங்கள். உங்கள் டிகிரி எங்கும் ஓடிவிடாது.

டெல்லிவாசி:

இதில் மட்டும் அண்ணனோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். இங்கேயும் இதே நிலைமைதான். டிராஃப்ட் பிரமாதமாக எழுதுவார்கள், "சாட்சிக் கூண்டில் இருப்பவரைக் கேளுங்கள்" என்றால் கை நடுங்கும்.

மசாலா_முதலாளி:

வக்கீல்கள் மத்தியில் கட்சிக்காரன் ஒருவன் பேசலாமா? ஈரோட்டில் மசாலாப் பொடி தொழில். தாத்தா பெயரை வைத்துத்தான் எங்கள் பிராண்ட். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் பெரிய கம்பெனி ஒன்றிடமிருந்து நோட்டீஸ் வந்தது, பெயர் எங்களுடையதைப் போல இருக்கிறது, ஏழு நாளில் நிறுத்து என்று. முதலில் பார்த்த வக்கீல், "பதில் போட்டுவிடலாம், பயப்படாதீங்க" என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர், வயசு குறைவு, ஐ.பி. மட்டும் பார்ப்பவர், நோட்டீஸைப் படித்ததும் முதலில் கேட்டது, "கேவியட் போட்டாச்சா?" அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எங்களைக் கேட்காமல் தடை கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒரு மனு போட்டு வைக்கலாமாம், 90 நாள் செல்லுமாம். அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார்.

அப்புறம் வீட்டுப் பரணை ஏறி இறங்க வைத்தார். பழைய ரசீதுப் புத்தகம், சேல்ஸ் டாக்ஸ் கணக்கு, சிவகாசியில் லேபிள் அடித்த அச்சகத்து பில். அவர்கள் பதிவு செய்த தேதிக்கு முன்னாலேயே நாங்கள் விற்றோம் என்று காட்டினால் நிறுத்தச் சொல்ல முடியாது என்றார். அம்மா பத்திரமாக வைத்திருந்த அச்சக பில்தான் எங்களைக் காப்பாற்றியது, எலி கடித்த மூலையோடு. கடைசியில் பேச்சுவார்த்தையில் முடிந்தது, பெயர் எங்களுக்கே, பாக்கெட் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

தம்பிக்கு நான் சொல்வது, எங்களைப் போன்ற சின்னத் தொழில்காரர்கள் பக்கம் நிற்க ஆள் கம்மி. பெரிய கம்பெனிக்கு வக்கீல் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

கோவை_வக்கீல்:

முதலாளி சொன்ன கதையை நான் தினமும் பார்க்கிறேன். கோவையில் பம்ப், கிரைண்டர், மில் உதிரிபாகம், துணி எல்லாவற்றிலும் பெயர்ச் சண்டை உண்டு. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிற ஊர். ட்ரேட்மார்க் வழக்கு என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை, மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். அதிலும் 134-வது பிரிவின்படி மார்க்கின் சொந்தக்காரர் தொழில் செய்யும் இடத்திலேயே போட வழி இருக்கிறது. மாவட்டத்தில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. அங்கே உட்கார்ந்தால் முதல் வருஷத்திலேயே நீங்களே நின்று வாதாடலாம், சென்னையில் அதே வாய்ப்புக்குப் பல வருஷம் சீனியர் பின்னால் பையைத் தூக்க வேண்டும்.

இன்னொன்று, இப்போது சண்டையே ஆன்லைன் விற்பனைத் தளங்களில். ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே அச்சடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2024 ஜூலை 1-லிருந்து புதிய சாட்சியச் சட்டம், 63-வது பிரிவுச் சான்றிதழ் இரண்டு பகுதியாக வேண்டும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும், நிபுணர் கையெழுத்து வேண்டும். பழைய சட்டத்தின் 65பி படிவத்தையே இன்னும் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் புரிந்த ஜூனியர் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்வேன், வயது 30 ஆனால் என்ன, 35 ஆனால் என்ன.

கறுப்புக்கோட்டு:

முதலாளி கதையில் ஒன்று சேர்க்க வேண்டும். இப்போது அவசரத் தடை கேட்காத கமர்ஷியல் வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போய்விட்டுத்தான் கோர்ட்டுக்கு வர முடியும், கமர்ஷியல் கோர்ட்ஸ் சட்டம் 12ஏ பிரிவு. 2022-ல் சுப்ரீம் கோர்ட் அது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. அதனால் எல்லோரும் சும்மாவாவது ஒரு தடை மனுவைச் சேர்த்துப் போட ஆரம்பித்தார்கள். 2023-ல் ஒரு ட்ரேட்மார்க் வழக்கிலேயே, அவசரம் உண்மையா, தப்பிக்கப் போட்ட வேஷமா என்று கோர்ட் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே பேசி முடிக்கத் தெரிவதும் இந்த வேலையில் பெரிய பகுதி. சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

கம்பெனிப்_பக்கம்:

நான் கோர்ட்டை விட்டுவிட்டு ஒரு மருந்துக் கம்பெனியின் சட்டப் பிரிவுக்குப் போனவன். யாரும் இந்த வழியைச் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன். சம்பளம் ஒழுங்காக வரும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன், எந்த வழக்கு போடுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதில் எனக்கும் குரல் உண்டு. ஆனால் முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் பார் கவுன்சில் விதி 49-ன்படி பிராக்டீஸை நிறுத்திவைக்க வேண்டும், கோர்ட்டில் எழுந்து நிற்க முடியாது. பின் பெஞ்சில் உட்கார்ந்து நம்ம வக்கீல் ஒரு பாயிண்டைத் தவறவிடுவதைப் பார்த்துக்கொண்டு, சீட்டு எழுதி முன்னால் அனுப்புவேன். சில நாள் கை துறுதுறு என்று இருக்கும்.

இரட்டைப்பிளக், நீங்கள் இப்போது இருக்கும் கம்பெனியிலேயே பேட்டன்ட் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே மாறிக்கொண்டு ஏஜென்ட் தேர்வு எழுதினால் மூன்று வருஷச் சம்பளத்தை இழக்காமலேயே ஆசை நிஜமா, தீர்ப்பு படித்த உற்சாகமா என்று தெரிந்துவிடும்.

இரட்டைப்பிளக்:

எங்கள் கம்பெனியில் பேட்டன்ட் பிரிவு என்று தனியாக இல்லை, ஆர் அண்ட் டி மேனேஜர் ஒருவர் வெளி ஏஜென்ட்டுக்கு மெயில் போடுவார், அவ்வளவுதான். அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். ஏஜென்ட் தேர்வுக்குப் படிக்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். எல்.எல்.பி. முடிவை அடுத்த வருஷ அட்மிஷனுக்குத் தள்ளிப்போடுகிறேன், அதற்குள் தங்கை கடைசி செமஸ்டர் முடித்துவிடுவாள்.

இன்னும் ஒரு கேள்வி. வக்கீல் இல்லாத ஒருவன் ஹைகோர்ட்டில் போய் ஐ.பி. வழக்கு விசாரணையைப் பார்க்க முடியுமா? சனிக்கிழமை கோர்ட் இருக்காது என்று தெரியும், ஒரு நாள் லீவு போடத் தயார்.

ஜூனியர்_ஜீவிதம்:

முடியும், கோர்ட் பொதுவானது. வாசலில் பாஸ் போட அடையாள அட்டை கேட்பார்கள், எடுத்து வாருங்கள். முந்தின நாள் மாலை காஸ் லிஸ்ட் இணையத்தில் வந்துவிடும், அதில் ஐ.பி. டிவிஷன் எந்த ஹால் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனை சைலன்ட்டில் அல்ல, அணைத்தே வையுங்கள். பத்தரைக்கு வந்தால் முதலில் மென்ஷனிங், வாய்தா, பாஸ் ஓவர் என்று ஒன்றும் புரியாது. எழுந்து போய்விடாதீர்கள், பெரிய வாதம் எல்லாம் பெரும்பாலும் மதியம்தான்.

கிண்டி_ஏஜென்ட்:

பேட்டன்ட் மேல்முறையீடு ஏதாவது லிஸ்ட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வாருங்கள், சி.எம்.ஏ. என்று இருக்கும், கூடவே பி.டி. டிராஃப்டிங் பேப்பருக்கான பழைய கேள்விகள் என்னிடம் இருக்கின்றன, தனிச்செய்தி போடுங்கள், அனுப்புகிறேன்.

மசாலா_முதலாளி:

வக்கீல் சார் யாராவது இதற்கும் பதில் சொல்லுங்கள், பெயரை இன்னும் நாங்கள் பதிவு செய்யவே இல்லை, எவ்வளவு ஆகும்?

கோவை_வக்கீல்:

ஐயோ முதலாளி, இவ்வளவு நடந்த பிறகுமா! சிறுதொழில் சான்று இருந்தால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், வக்கீல் ஃபீஸ் தனி. மசாலாவுக்கு வகுப்பு 30. பயன்படுத்தத் தொடங்கிய தேதியைத் தாத்தா காலத்திலிருந்து போட வேண்டும், அதற்கு அந்த அச்சக பில்லையும் பிரமாணப் பத்திரத்தோடு இணையுங்கள். நாளைக்கே போடுங்கள்.